கால் பார்த்துச் செருப்புக் கொடுத்தவள்

காலையில் எழுந்ததும் கன்னியம்மாளுக்கு இரண்டு வேலை. வலிப்பு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். அப்புறம் தம்பி இருசப்பனைத் திட்டுவாள். மாத்திரையை ஒருநாள் மறந்தாலும் மறப்பாள், இரண்டாவதை மறந்ததே கிடையாது. "நாசமாப் போறவனே, உன் கை வெளங்காமப் போக" என்று ஆரம்பித்தால் பல் விளக்கி முடிக்கிற வரைக்கும் ஓடும். அறுபத்தெட்டு வயசு. நடு உச்சியிலிருந்து வலது பக்கமாக இறங்குகிற ஒரு தழும்பு, அதைச் சுற்றி ஒரு விரற்கடை நீளத்துக்கு நரைமுடி. இடது கால் இருக்கிறது. இருக்கிற மாதிரி அவளுக்குத்தான் தெரியாது.

வேலை வெட்டி இல்லாமல் திட்டுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

தேரடித் தெருவில் நசீர் அகமது பாயின் பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் சுவரோரமாக, அவருக்குச் சொந்தமான எட்டடிக்கு ஆறடி இடம். மேலே ஒரு தகரம், கீழே இரண்டு சாக்கு. முப்பத்தோரு வருஷம் அங்கே உட்கார்ந்து ஊரார் செருப்பைப் பார்த்துக்கொண்டவள் கன்னியம்மாள். புருஷன் போன பிறகு மகள் எழிலரசியைப் படிக்க வைத்தது, கட்டிக் கொடுத்தது எல்லாமே அந்த எட்டடிதான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற ஜனம் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலில் கிளம்பும். பதினாலு கிலோமீட்டர் நடந்து, காலெல்லாம் வீங்கி, புழுதி அப்பிக்கொண்டு திரும்பி வரும். மற்ற இடத்தில் எல்லாம் டோக்கன். கன்னியம்மாளிடம் டோக்கனே கிடையாது.

"காலுதான் கீதே, அப்பால எதுக்கு டோக்கனு?" என்பாள்.

அவள் யார் முகத்தையும் பார்த்ததில்லை. காலைப் பார்ப்பாள், கழற்றிய செருப்பைப் பார்ப்பாள், அவ்வளவுதான். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கட்டைவிரல் எந்த இடத்தில் பள்ளம் பறித்திருக்கிறது, மெட்டி எத்தனை சுற்று, எல்லாம் ஒரு பார்வையில் மண்டைக்குள் போய்விடும். அதைவிடப் பெரிய வித்தை ஒன்று உண்டு. வருகிற காலைப் பார்த்தே, இது நாலு மணி நேரத்தில் சுற்றி வருகிற காலா, ஏழு மணி நேரக் காலா என்று கணித்துவிடுவாள். வேகமான காலின் செருப்பு முன் வரிசைக்குப் போகும், நோகிற காலின் செருப்பு பின்னால் போகும். ஆள் வந்து நின்று வாயைத் திறப்பதற்குள் செருப்பு அவன் காலடியில் கிடக்கும். இவளைச் சோதிக்க வேண்டும் என்றே சென்னையிலிருந்து சில பேர் மாசா மாசம் வருவார்கள். ஒருத்தன்கூட ஜெயித்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தெருவில் அவளுக்கு ஒரு கெத்து இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கடையை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். நசீர் பாய் கல்லாவிலிருந்து கத்தினார். "கன்னிம்மா, ஒத்தச் செருப்போட எங்க கெளம்பிட்ட?"

குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது காலில் இல்லை. பத்தடிக்குப் பின்னால் தனியாகக் கிடக்கிறது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. ஊரார் செருப்பைக் காக்கிறவள் தன் செருப்பைத் தொலைத்தாள் என்று தெருவே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். வாரத்துக்கு ஒருதரம் கழன்றது தினமும் கழல ஆரம்பித்தது. கால் லேசாக இழுத்தது. "வயசாவுது இல்ல" என்றார்கள். அறுபது தாண்டிவிட்டால் போதும், உடம்பில் எது கெட்டாலும் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் இந்த ஒரே பதில்தான். வேறு எதையும் யோசிக்க வேண்டாம் பாருங்கள், எவ்வளவு சௌகரியம்!

அந்த வருஷம் தீபத்தன்று வந்தது வினை. கூட்டம் என்றால் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. கன்னியம்மாள் ஒருத்தருடைய செருப்பை இன்னொருத்தருக்குக் கொடுத்தாள். ஒன்று இரண்டு இல்லை, நாற்பது பேருக்கு. ஒரு அம்மா அழுதாள், ஒரு ஆள் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். கன்னியம்மாள் சாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது நடுவில் புகுந்தான் இருசப்பன். அவளைவிட ஒன்பது வயசு சின்னவன். கோபுரத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பொம்மை விற்றுக்கொண்டிருந்தவன், வண்டி நிறுத்த இடமில்லாமல் அப்போது அலைந்துகொண்டிருந்தான். "மன்னிச்சுக்கங்க சார், எங்க அக்காவுக்கு மூளை கலங்கிடுச்சு" என்று எல்லோரையும் கும்பிட்டான். முதல் தடவையாக அந்தச் சொல் அன்றைக்குத்தான் தெருவில் விழுந்தது.

பிறகு அவள் பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் அரை நிமிஷம் கழித்து "ம்" என்பாள். அடுப்பில் பால் பொங்கி வழியும், எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். புடவை நனைந்துவிடும், அதற்கு ஒரு வெட்கமும் இருக்காது. எழிலரசி அப்போது ஸ்ரீபெரும்புதூரில் புருஷனோடு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலையில் இருந்தாள். "நீ பயப்படாத கண்ணு, அக்காவ நான் பாத்துக்கறேன்" என்று இருசப்பன் கன்னியம்மாளை அடி அண்ணாமலையில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

தை மாசம் வேங்கிக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போனவனும் இருசப்பன்தான், அதை மறைக்க வேண்டாம். மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கன்னியம்மாளுக்குத் தலை நிமிரவில்லை. மேசைக்கு அடியில் தெரிந்த டாக்டரின் காலைத்தான் பார்த்தாள். வலது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதே காலின் உள்பக்கக் கணுக்காலில் சைலன்சர் சுட்ட வடு, புளியங்கொட்டை அளவுக்கு.

டாக்டர் அவளை நடக்கச் சொன்னார். நாலடி நடந்தாள், இடது செருப்பு பின்னாலேயே நின்றுவிட்டது. டாக்டர் எழுந்து வந்து, குனிந்து, அந்தச் செருப்பைக் கையில் எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். முப்பத்தோரு வருஷமாக எத்தனையோ பேர் செருப்பை அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள் செருப்பைக் கையால் தொட்டது அந்த ஒரு டாக்டர்தான். தலைக்குள் எல்லாமே மங்கிக் கிடந்த நேரத்திலும் அது மட்டும் போய் ஒட்டிக்கொண்டது.

"இது வெறும் வயசுக் கோளாறு மாதிரி தெரியல. தலைக்கு ஸ்கேன் எடுத்தே ஆகணும். தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டர் இருசப்பனிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் வெளியே எடுத்துப் படித்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அப்புறம் கிழித்தான். இரண்டாக, நாலாக, எட்டாக. கால்வாயில் போட்டான்.

கன்னியம்மாள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வாய் வரவில்லை.

"டாக்டரே சொல்லிட்டாங்க, வயசான கோளாறாம், இதுக்கு மருந்தே இல்லையாம்" என்று அவன் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறிச் சொன்னான். நசீர் பாயிடமும் சொன்னான். பாய் பாவம், நம்பினார். காலி இடத்தை வேறு யாருக்கோ கொடுப்பதற்குப் பதிலாக அவள் தம்பிக்கே கொடுக்கலாம் என்று கொடுத்தார். பிளாஸ்டிக் டோக்கன், நீல பெயிண்ட் அடித்த மர அலமாரி என்று இருசப்பன் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு வருஷம். இருசப்பன் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி. சோறு போட்டான், இல்லையென்று சொல்லவில்லை. நாய்க்கும்தான் ஊரில் சோறு போடுகிறார்கள்.

எழிலரசி ஒரு லீவுக்கு வந்திருந்தபோது, அவள் கண்ணெதிரிலேயே அம்மாவுக்கு இடது கால் வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு உடம்பு முழுக்க இழுத்து வாயில் நுரை தள்ளியது. நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் உச்சியில் ஒரு கட்டி, சாத்துக்குடி அளவு.

சென்னையில் பெரிய டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார். "புற்றுநோய் இல்லம்மா. மெல்ல வளர்ற கட்டி, வேற எங்கயும் பரவாது. ஆனா காலை ஆட்டி வைக்கிற இடத்துமேல உக்காந்து அழுத்துது. சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா வேற கதை. இந்த வயசுல, இந்த அளவுல, எடுக்கறதும் ரிஸ்க்குதான், விட்டாலும் ரிஸ்க்குதான். ஏன் இத்தனை நாள் யாரும் ஸ்கேன் எழுதல?"

எழிலரசி தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு என்ன தெரியும்!

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் கன்னியம்மாளின் சங்கடம் அங்கேதான் ஆரம்பம். மூன்றாம் நாள் மூளை வீங்கி இடது பக்கம் துவண்டுபோனது. மறுபடியும் வலிப்பு. அப்புறம் ஒன்பது நாள் புத்தி நிலையில்லை. வார்டைத் தேரடித் தெரு என்று நினைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த நர்சுகள் செருப்பை எல்லாம் கொண்டுவரச் சொல்லி அடம் பிடித்தாள். கொண்டுவந்து வைத்தால், இது இந்தப் பொண்ணோடது, அது அந்த உயரப் பொண்ணோடது என்று ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்துக் கொடுத்தாள். நர்சுகள் வாயைப் பிளந்தார்கள். அது சரியாகி எழுந்து உட்காருவதற்குள் கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொண்டது. தினமும் வயிற்றில் ஊசி, இன்னும் மூன்று வாரம் படுக்கை. "சின்ன வயசா இருந்தா சீக்கிரம் தேறிடுவாங்க, வயசானவங்களுக்கு ஒண்ணு போனா ஒண்ணு வரும்" என்றார்கள். கை திரும்பி வந்தது, பேச்சு வந்தது, புத்தி வந்தது. இடது பாதம் வரவில்லை. தூக்கவும் முடியாது, தொட்டாலும் தெரியாது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டு. "நல்ல கட்டியாம், ஆபத்தில்லாத கட்டியாம், ஏதோ கடவுள் புண்ணியம்."

"ஆபத்தில்லாத கட்டியா? வாங்கினு போயி உன் தலையில வெச்சுக்க" என்பாள் கன்னியம்மாள்.

புத்தி தெளியத் தெளிய எல்லாம் வரிசையாக வந்தது. பள்ளிக்கூடம், சுண்டுவிரல், சீட்டு, கால்வாய். மகளிடம் சொன்னாள். எழிலரசி அம்மாவுக்காக வேலையை விட்டுவிட்டு வேங்கிக்காலில் வாடகை வீடு எடுத்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் அங்கே, அவள் இங்கே என்று குடித்தனம் இரண்டாகிக் கிடந்தது. அவள் நேராக மாமனிடம் போய்க் கேட்டாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? கோபுரவாசலில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணினான். "முகாம்ல மாத்திரைதான் குடுத்தாங்க கண்ணு, சீட்டே இல்ல. அக்காவுக்கு அப்ப நெனப்பே கெடையாதே!"

எழிலரசி திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அப்ப உனக்கு உடம்பு சரியில்ல. ஏதோ கனா கண்டிருப்ப."

எரிகிற கட்டைமேல் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. டம்ளர் பறந்தது, தட்டு பறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது எழிலரசி அழுதுகொண்டே டாக்டரிடம் சொன்னாள். அவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். "இந்த வலிப்பு மாத்திரை சிலருக்குக் கோவத்த ஜாஸ்தி பண்ணும். வயசானவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. மெதுவா வேற மாத்திரைக்கு மாத்திடலாம்" என்றார்.

எழிலரசியின் முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் கன்னியம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பாருங்கள் அநியாயத்தை! அவள் கண்ணால் கண்டதைக் கட்டி காட்டின கனா என்கிறார்கள். அவள் கோபத்தை மாத்திரை கொடுத்தது என்கிறார்கள். அப்போது அவளுடையது என்று இந்த மண்டையில் என்னதான் மிச்சம்?

ஆனாலும் புது மாத்திரையை மறுக்கவில்லை. அவளுக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒன்றரை மாசத்தில் பழசு நின்று புதுசு முழுசாக ஏறியது. டம்ளர் பறப்பது நின்றது. மகளிடம் எரிந்து விழுவது நின்றது. ஒருநாள் விடியற்காலை படுக்கையில் கண்ணைத் திறந்து, அடுப்பில் நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி மனசுக்குள் தேடிப் பார்த்தாள். இருந்தது. சத்தம் மட்டும் போயிருந்தது. கன்னியம்மாளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம்! "என்னோடதுதான்டி இது" என்று எழிலரசியிடம் சொன்னாள். எழிலரசிக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தாள். தான் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். அந்த டாக்டர் சொன்னால் நம்புவார்கள். டாக்டர் பெயர் தெரியாது, முகம் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. கால் தெரியும். இந்த ஊரில் ஒரு கால் எங்கே போகும்? ஒரு பௌர்ணமி இல்லாவிட்டால் ஒரு பௌர்ணமி, செருப்பைக் கழற்றத் தேரடித் தெருவுக்கு வந்தே தீரும்.

"கோபுரத்தப் பாத்து உக்காந்திருக்கறதா வேண்டிக்கினேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என்னை இட்டுனு போய் விடு" என்றாள். அம்மாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று எழிலரசி ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். இருசப்பனின் நீல அலமாரிக்கு நேர் எதிரே பொரிகடலைக் கடைப் படி. அங்கே உட்கார்ந்தாள். கோபுரம் முதுகுப் பக்கம் இருந்தது.

இருசப்பன் பார்த்தான். முதலில் மூஞ்சி வெளிறியது. பிறகு டீ வாங்கி அனுப்பினான். அவள் அவன் பார்க்கவே அதைத் தரையில் ஊற்றினாள்.

தை, மாசி, பங்குனி. காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாயந்தரம் வரைக்கும் தலை குனிந்தபடி. எத்தனை ஆயிரம் கால்! வெடித்த கால், மருதாணி போட்ட கால், ஆணி விழுந்த கால், வெள்ளைக்காரன் கால். மாசியில் ஒரு சுண்டுவிரல் ஏறியிருந்தது, தடியை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். நன்றாகப் பார்த்தால் இடது கால். "சீ போ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். நடந்துபோன அந்த அம்மா திரும்பிப் பார்த்து முறைத்தாள். பங்குனியில் யாருமே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஒருவேளை மகள் சொல்வது நிஜம்தானோ, எல்லாம் கனாத்தானோ என்று ஒரு நிமிஷம் நடுங்கினாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவும் இருசப்பனைத் தனியாகத் திட்டினாள்.

சித்ரா பௌர்ணமி. தெருவில் கால் வைக்க இடமில்லை. சாயந்தரம் நாலு மணி இருக்கும். இருசப்பன் வேர்த்து விறுவிறுத்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு கழன்றது. உள்ளேயிருந்து வந்த வலது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கணுக்காலில் புளியங்கொட்டை.

அவன் அந்தச் செருப்பை எடுத்து அலமாரியில் வைத்து டோக்கனை நீட்டினான். அவனுக்குக் கால் தெரியாது, முகமும் ஞாபகமில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நம்பர்தான்.

"டாக்டரம்மா!" என்று கன்னியம்மாள் கத்திய கத்தில் பொரி சலித்துக்கொண்டிருந்தவள் சல்லடையைக் கீழே போட்டாள். தடியை ஊன்றி எழுந்து, இடது பாதம் தரையில் இழுபட, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். எழிலரசி பின்னாலேயே ஓடினாள். சுடிதார் போட்ட அந்தப் பெண் திரும்பினாள். குட்டை முடியும் தழும்புமாக நின்ற கிழவியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா நீங்க?"

"வேங்கிக்கால் முகாம்ல என் செருப்ப உங்க கையால எடுத்து மாட்டிவுட்டீங்க."

டாக்டர் குனிந்து அவளுடைய இடது பாதத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. "ஐயோ, நீங்களா! நான் அன்னைக்கே ஸ்கேனுக்கு எழுதினேனே. மனசு கேக்காம, முகாம்ல எழுதிக் குடுத்த உங்க தம்பி நம்பருக்கு ரெண்டு தடவை போன்கூடப் பண்ணேன். ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லனு சொன்னாரே?"

எழிலரசி மெதுவாகத் திரும்பி மாமனைப் பார்த்தாள். "கற்பூரம் அணைச்சியே மாமா" என்றாள்.

நசீர் பாய் கடையிலிருந்து இறங்கி வந்தார். வரிசையில் நின்ற ஜனம் கழுத்தை நீட்டியது. இருசப்பனின் கையிலிருந்த டோக்கன் எல்லாம் தரையில் கொட்டியது. அடுத்த விநாடி தடாலென்று விழுந்து அக்கா காலைப் பிடித்தான். பிடித்தது இடது கால். அவன் அழுது புரண்ட பிறகு, குனிந்து பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"ஏன்டா கிழிச்ச?" என்றாள். சத்தமே போடவில்லை. பழைய மாத்திரையாக இருந்திருந்தால் தடி அவன் மண்டையில் இறங்கியிருக்கும்.

"வண்டி நிக்க எடமில்லக்கா. புள்ளைங்கள வெச்சுக்கினு தெருவுல நின்னேன். உனக்கும் வயசாயிடுச்சு. ஆபரேசன் அது இதுனு எதுக்கு உன்னப் போட்டு அறுக்கணும்னு..." மூக்கை உறிஞ்சினான். "இன்னும் எத்தினி நாளைக்கு இருக்கப் போறனு நெனச்சிட்டேன்க்கா."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழிலரசி மாமனை அடிக்கக் கை ஓங்கினாள். கன்னியம்மாள் தடியைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள்.

"எந்திரி" என்றாள். "எனக்கு மூளை கலங்கிடுச்சுனு எத்தினி கடையில சொன்ன? எனக்குத் தெரியும். யார் யாரு என்கிட்ட கொழந்தகிட்டப் பேசுற மாதிரி பேசினாங்களோ, அத்தினி கடையிலும் நீ ஏறியிருக்க. பன்னெண்டு கடை. ஒவ்வொரு கடையா வா. ஸ்கேன் சீட்டக் கிழிச்சவன் நான்தான், எங்க அக்காவுக்கு ஒண்ணும் கலங்கலனு உன் வாயால சொல்லு. நான் கூட நிக்கறேன்."

"இந்தக் கூட்டத்துலயாக்கா?"

"இந்தக் கூட்டத்துலதான்."

நசீர் பாய் கடையில் ஆரம்பித்தார்கள். பாய் கேட்டுவிட்டு "அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு விபூதிக் கடை, வளையல் கடை, காபிக் கடை. இருசப்பன் ஓட்டமாக ஓடி முடித்துவிடப் பார்த்தான். "நில்றா. நான் வரணும்" என்பாள். அவள் இரண்டடி வைப்பாள், பாதம் மடங்கும், தடியால் சரி செய்துகொள்வாள், மறுபடி இரண்டடி. அத்தனை நேரமும் அவன் நடுத்தெருவில் தலை குனிந்து காத்துக்கொண்டு நிற்க வேண்டும். மலை சுற்றக் கிளம்புகிற ஜனம் அவனை இடித்துக்கொண்டு போனது. "கேக்கல, சத்தமா சொல்லு" என்று இளநீர்க் கடையில் இரண்டு தடவை சொல்ல வைத்தாள். பொரிகடலைக் கடைக்காரி காறித் துப்பினாள். கன்னியம்மாள் கண்கொட்டாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளில் அவள் ஒரு மனுஷன் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. நன்றாக இருந்தது. வயிறு குளிர்ந்தது.

பன்னிரண்டு கடையும் முடியும்போது வெயில் இறங்கிவிட்டது. நசீர் பாய் நீல அலமாரியைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டார். "உன் எடம் கன்னிம்மா. நான் விசாரிக்காம வுட்டுட்டேன். என்மேலயும் தப்பு கீது" என்றார். கன்னியம்மாள் உட்கார்ந்தாள். குனிந்து அடுக்க முடியாத உடம்பு, தூக்க முடியாத பாதம். அது எல்லோருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

இருசப்பன் எதிரில் நின்றான். குரல் கட்டிப் போயிருந்தது. "போதுமாக்கா? நான் ஊரை வுட்டே போயிடறேன். உன் கண்ணுல படமாட்டேன்."

"எங்கடா போற?" என்றாள் கன்னியம்மாள். "நாளைக்குக் காலைல வீட்டாண்ட வா. என்னைக் கைய புடிச்சு இட்டுனு வந்து இங்க உக்கார வை. நான் காலப் பாத்துச் சொல்றேன், நீ குனிஞ்சு செருப்ப எடுத்துக் குடு. சாயந்தரம் இட்டுனு போய் வுடு. மறுநாளும் வா. மழ வந்தாலும் வா, உன் வீட்டுல எழவு வுழுந்தாலும் வா. இவ எத்தினி நாளைக்கு இருக்கப் போறானு கணக்குப் போட்டியே. நான் இருக்கற அத்தினி நாளும் வா. பக்கத்துல நின்னு நீயே எண்ணிக்க."

வரிசையில் முதலில் நின்ற ஆள் தன் செருப்பைக் கழற்றினான். கன்னியம்மாள் அவன் காலைப் பார்த்தாள். "ஆறு மணி நேரக் காலு, பின்னாடி வை" என்றாள். இருசப்பன் குனிந்து எடுத்தான்.